முட்டை வழக்கில் பிரபா உட்கார்ந்தது

குமாரபாளையத்தில் பிரபாவின் வீட்டில் யாரும் யாரிடமும் பேசியதில்லை, கத்தியிருக்கிறார்கள். வீட்டின் பின்பக்கம் முழுக்க விசைத்தறிகள். அவை ஓடும்போது ‘சாப்பிட வா’ என்பதைக்கூடச் சண்டைக்கு இழுப்பது போலத்தான் சொல்ல முடியும். தொண்டை எட்டாத தூரம் என்றால் வாயை அசைத்தால் போதும், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அம்மா கமலவேணி பட்டறையின் அந்தக் கோடியில் நின்று தன் ஓரகத்தியைப் பற்றி வாயசைத்த ரகசியங்களை, இந்தக் கோடியில் இருந்து ஒரு சொல் விடாமல் வாங்கி வளர்ந்தவள் பிரபா.

அப்படிப்பட்டவளுக்கு வக்கீலாகும் ஆசை வந்தது. சேலத்தில் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கம்பெனி வேலைக்கும் மீதிப் பேர் அரசுத் தேர்வுக்கும் தயாராக, இவள் மட்டும் கோர்ட்டில் நின்று வாதாடப் போகிறேன் என்றாள். உறவில் ஒரு வக்கீல் கிடையாது. கோர்ட்டோடு அந்த வீட்டுக்கு இருந்த ஒரே சம்பந்தம், அப்பா சென்னிமலை ஒருமுறை ஹெல்மெட் போடாமல் போய் அபராதம் கட்டியது.

விடுமுறையில் நாமக்கல் பக்கம் ஒரு கோர்ட்டுக்குப் பயிற்சிக்குப் போனாள். முதல் வாரமே, கடைசி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம் “இது எந்தக் கேஸுங்க?” என்று காதோடு காதாகக் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது காதோடு காதுதான். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, வழக்கு எண்ணை அவரே சொல்லிவிட்டு, வெளியே போகச் சொன்னார்.

அன்றிலிருந்து குரலைக் குறைக்கும் பயிற்சி தொடங்கியது. தறி ஓடும் வீட்டில் மெதுவாகப் பேசிப் பழக வாய்ப்பு ஏது? மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். தெருவே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த நாளில் பிரபா கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, நின்றுபோன தறிகளுக்கு முன்னால் வாதாடுவாள்.

“கனம் நீதிபதி அவர்களே...”

“ஏஞ்சாமி, ஒடம்பு கிடம்பு செரியில்லையா?” என்றாள் கமலவேணி. “கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்பல இருக்குது.”

“கோர்ட்டுல இப்படித்தாம்மா பேசோணும்.”

“இப்படி முணுமுணுத்தா எவன் காசு குடுப்பான்? நல்லாச் சத்தமாப் பேசு.”

நாமக்கல்லில் அர்த்தநாரி என்று ஒரு சீனியர் வக்கீல். வருடத்துக்கு ஒரு ஜூனியரைத்தான் சேர்த்துக்கொள்வார். அவரிடம் இருந்தவர்கள் சீக்கிரமே தனியாக வாதாடப் பழகிவிடுவார்கள்; அவர் எதையும் சொல்லித்தர மாட்டார். கல்லூரியின் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு அவர் நடுவராக வருகிறார், அங்கேயே ஒருவரைப் பொறுக்கிக்கொள்ளப் போகிறார் என்று செய்தி வந்தது. பிரபாவுக்கு வேறு எந்த வக்கீல் ஆபீஸின் கதவும் தெரியாது. இது தவறினால் சூரத்தில் துணி யாவாரம் பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் தயாராக இருந்தார்.

போட்டிக்குக் கொடுத்த கற்பனை வழக்கு இது: ஒரு முட்டை லாரி கவிழ்கிறது. உடைந்தது போக மீதியை ரோட்டில் போனவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். அள்ளியது ஊர்க்காரர்கள், அதற்கு நான் பொறுப்பில்லை என்கிறார் லாரி முதலாளி. பிரபாவும் அவள் தோழி ஷாலினியும் முட்டை வியாபாரியின் தரப்பு.

எதிர்த்தரப்பில் குமரன். நாமக்கல் முட்டைக்கு இங்கிலாந்தில் இருந்து தீர்ப்புகளை இறக்குமதி செய்திருந்தான். பேசினான், பேசினான், மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் பேசினான்.

பிரபா எழுந்தாள். பயத்தில் பவர்கட் பயிற்சியெல்லாம் பறந்துவிட்டது. “கனம் நீதிபதி அவர்களே” என்றதுமே, நடுவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற நீதிபதி காதில் இருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஷாலினி கோட்டைப் பிடித்து இழுத்தாள். “மெதுவாடி. முட்டைதான் போச்சு, யாரும் சாகல.”

பிரபா குரலைப் பாதியாகக் குறைத்தாள். “லாரி கவிழ்ந்திருக்காவிட்டால் முட்டை ரோட்டுக்கே வந்திருக்காது. ரோட்டில் கிடக்கும் முட்டையைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஊர் எது என்று எதிர்த்தரப்பு சொல்லட்டும். ஆள் அள்ளுவான் என்பதும் கவிழ்ந்ததன் விளைவுதான்.”

நடுவில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரி தன் மறுபக்கம் இருந்த பேராசிரியரிடம் சாய்ந்தார். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிரபா பழக்கத்தில் அதைப் படித்தாள்.

‘இந்தப் பாயிண்ட்லயே கேஸ் முடிஞ்சுது. இனிப் பேசுனா அந்தப் புள்ளயே கெடுத்துக்கும். பிரியாணி வேற ஆறுது.’

அவள் கையில் இன்னும் இரண்டு வாதங்கள் இருந்தன. கடைசி வாதத்தை உச்ச நீதிமன்றத்திலேயே எடுத்து வைக்கலாம், அத்தனை அழகு. அதற்காகவே வாய் திறந்துவிட்டது. மறுபடியும் அர்த்தநாரியின் உதட்டைப் பார்த்தாள். அது மறுபடியும் பிரியாணி என்றது.

“வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை” என்று உட்கார்ந்துவிட்டாள்.

“பைத்தியமாடி? இன்னும் ரெண்டு இருக்கு.” ஷாலினி தொடையைக் கிள்ளினாள். பிரபா வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. கத்தினால் எல்லாம் போய்விடும்.

சாப்பிட்டுவிட்டு வந்து முடிவைச் சொன்னார்கள். “கோப்பையக் குமரனுக்கே குடுத்துருங்க, நெறையாப் படிச்சிருக்கான்,” என்றார் அர்த்தநாரி. “இந்தப் புள்ள எங்கிட்ட வரட்டும். நிறுத்தத் தெரிஞ்ச வக்கீல நான் இன்னும் பாக்கல. எங்கம்மா கத்துக்கிட்ட?”

“எங்க ஊட்லங்க சார்.”

எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்பதுதான் சாட்சிக்கு வக்கீல்கள் சொல்லித்தரும் முதல் பாடம். பிரபா அதன்படி நடந்துகொண்டாள்.

பரீட்சை எழுதி, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, நாமக்கல்லில் அந்த ஆபீஸுக்குப் போன முதல் நாள். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அர்த்தநாரியும் குமாஸ்தா ராசப்பனும். வெளியே பிரபா நின்றுகொண்டிருந்தாள். அர்த்தநாரியின் உதடு அசைந்தது.

‘இப்பத்திக்கு மேசை கீசை வேண்டாம். இந்தப் புள்ள தீவாளி வரைக்கும் தாங்குதான்னு பாக்கலாம்.’

“தாங்குமுங்க சார்,” என்றாள் பிரபா, நின்ற இடத்தில் இருந்தே. “மேசை எங்க கெடக்குதுன்னு சொன்னா நானே தூக்கிட்டு வந்துக்கறேன்.”

எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அர்த்தநாரி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து வந்து கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டார்.

மறுநாள் மேசை வந்தது. சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.