சைலஸ் செய்த மூக்குகள்

சோபாவை இடுப்பால் இடித்து இடித்துச் சுவரோரம் தள்ளிக்கொண்டே சைலஸ் உத்தரவு போடுகிறார். “ஷூவ வெளிய விடுங்க. போன சைலன்ட்ல போடுங்க. ஆச்சி, ஒங்களுக்குச் சேர் போட்டிருக்கு. தரையில உக்காந்துட்டு அப்புறம் தூக்கிவிட நாலு பேரத் தேடாதீங்க.” கழுத்தில் டை, காலில் தொளதொளவென்று பைஜாமா. தன் வீட்டு ஹாலில் இந்தக் கோலத்தில் நிற்கிற மனிதரை டெக்சாஸில் நான் வேறெங்கும் கண்டதில்லை. கேட்டால், “ராஜாதி ராஜா முன்னாடி நிக்கோம்லா, டை வேணும்” என்பார். பைஜாமா எதற்கு? “முழங்கால் போடணும்லா.”

சுகர் லேண்டில் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஜெபத்துக்குக் கூடும். நான் வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனால் சைலஸின் மனைவி அல்போன்சா செய்யும் முந்திரிக்கொத்துக்கு மதபேதம் கிடையாது. அதனால் வெள்ளிதோறும் ஆஜராகிவிடுவேன்.

மற்றவர்கள் ஜெபிக்கும்போது சைலஸ் சமையலறை ஓவனில் டைமர் வைப்பார். அது கத்தினால் ஆமென் சொல்லிவிட வேண்டும். அவர் ஜெபத்துக்கு மட்டும் டைமர் இல்லை. அது எங்கள் தெருவில் புறப்பட்டு, ஹைவே சிக்ஸின் டிராஃபிக்கில் கொஞ்ச நேரம் நின்று, வாஷிங்டனுக்குப் போய், “கர்த்தாவே, இந்தப் பிள்ளைகளோட கிரீன் கார்டு பிரயாரிட்டி டேட்ட நீரே நகத்தும்” என்று தள்ளிவிட்டு, திருநெல்வேலி வழியாகத் திரும்பி வரும். ஒருமுறை அவர் ஆரம்பிக்கும்போது வீட்டில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஆமென் சொல்லும்போது ஹீட்டர் ஓடியது. நம்பினால் நம்புங்கள்.

பிழைப்பு, பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய்களில் துரு பார்ப்பது. யார் வீட்டுக்குப் போனாலும் கை கழுவுமுன் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, “இன்னும் ரெண்டு வருசம் ஓடும்” என்று ஆரூடம் சொல்வார். கராஜ் நிறைய எபாக்சிப் பசை டப்பாக்கள். தெருவில் எது உடைந்தாலும் அவரிடம்தான் போகும். என் கண்ணாடியின் காதை அவர் ஒட்டிக்கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. இனி உடைந்தால் நான்தான் உடைவேன், அது உடையாது.

எதிர்வீட்டில் மிரியம் ஆட்லர் என்ற யூத அம்மாள் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் தடி, இடுப்பில் மாற்று எலும்பு. டெக்சாஸே உறைந்து கரண்ட் போன அந்தப் பனி வாரத்தில், சைலஸ் குடும்பத்தைத் தன் வீட்டுக் கணப்பு முன்னால் படுக்கவைத்துக் காப்பாற்றியவர் அவர்தான். அன்றிலிருந்து சைலஸுக்கு அவர் “மிரியம் ஆன்ட்டி”. குப்பைவண்டி வரும் நாளில் அவர் வீட்டுப் பெரிய தொட்டியைத் தெருவுக்கு உருட்டி வைத்துவிட்டுத்தான் இவர் வேலைக்குப் போவார். “ஏசு சாமியோட சொந்தக்காரங்க ஆச்சி, நம்ம தெருவுல இருக்காங்க” என்று என்னிடம் பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

பெரிய வெள்ளியன்று இவர்களுடைய தமிழ்ச் சபையில் ஏசுவைச் சிலுவையில் அறைந்த கதையைப் பிள்ளைகளை வைத்து நாடகமாகப் போடுவார்கள். டைரக்டர் சைலஸ். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த சிற்றூரில் போட்ட அதே நாடகம். அங்கே சின்ன வயதில் யூதர்களின் பிரதான ஆசாரியன் காய்பாவாக நடித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவர். ஆசாரியர்களுக்கும் கூட்டத்தில் கத்துகிறவர்களுக்கும் அங்கே அட்டையில் வளைந்த பெரிய மூக்கு செய்து மாட்டுவார்கள். சைலஸ் அதை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, அட்டைக்குப் பதில் வலையும் எபாக்சியும் போட்டுப் பலப்படுத்தியிருந்தார். கிளி மூக்கு மாதிரி வளைவு, முனையில் ஒரு தொங்கல், இரண்டு பக்கமும் எலாஸ்டிக்.

இந்த வருடம் அவருக்கு ஒரு யோசனை. அவங்க ஜனத்தோட கதைதானே, மிரியம் ஆன்ட்டியையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டார். முன்வரிசையில் உட்காரவைத்தார். பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு வசனத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். மூக்கு மாட்டிய பிள்ளைகள் காசுப்பையைக் குலுக்கிக் குலுக்கி எண்ணினார்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அதே பிள்ளைகள் அமெரிக்க நாக்கில் “சிலுவையில் அறையும்!” என்று கத்தினார்கள். நான் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன். அந்த அம்மாள் மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். பஸ்ஸில் திருடன் பக்கத்தில் உட்கார்ந்தால் நாம் பிடிப்போமே, அப்படி.

முடிந்ததும், “இந்த மூக்குகளை யார் செய்தது?” என்று கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே எழுதுவது என் தமிழ்.

“நான்தான் ஆன்ட்டி! எபாக்சி! மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது!”

“உறுதியாகத்தான் இருக்கின்றன” என்றார் அந்த அம்மாள்.

மிரியம் அம்மாள் தன் வண்டியிலேயே கிளம்பிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது சைலஸ் ஓட்டிய காரில் முன்சீட்டில் அவர் மகள் ஜோவானா, பின்சீட்டில் நான். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வருவது இங்கிலீஷ்.

“அப்பா, ஷி வாஸ் ஷேக்கிங். யூ டிட்ன்ட் ஈவன் லுக்.”

“யாருளா?”

“மிரியம் ஆன்ட்டி. அந்த மூக்கு. டூ யூ நோ வாட் தட் இஸ்?”

ஃப்ரீவேயை விட்டிறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தச் சொல்லி, போனில் சில படங்களைக் காட்டினாள். யூதர்களை இழிவாக வரைந்து நாஜிகள் சுவரில் ஒட்டிய போஸ்டர்கள். அதற்கும் சில நூறு வருடம் முன்னால் ஐரோப்பாவில் கிறிஸ்தவக் கோயில் சுவர்களிலேயே செதுக்கி வைத்த உருவங்கள். சைலஸ் படத்தைப் பெரிதாக்கினார். துரு பார்க்கிற கண்ணல்லவா? வளைவைப் பார்த்தார், முனையைப் பார்த்தார், அந்தத் தொங்கலைப் பார்த்தார்.

“இது நான் செஞ்ச மூக்குலா” என்றார். போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த குப்பை நாளில் சைலஸ் தெருவைத் தாண்டிப் போவதற்குள், மிரியம் அம்மாள் தன் தொட்டியைத் தானே வெளியே இழுத்து வைத்திருந்தார். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஓரடிக்கு ஒருமுறை நின்று நின்று இழுத்திருக்கிறார். சைலஸ் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஆச்சி, கையால ஒண்ணு போட்டிருந்தாகூடத் தாங்கியிருப்பேன்” என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திரையும் மூடியே கிடந்தது. வழியில் பார்த்தால் “குட் மார்னிங்”, அவ்வளவுதான். அந்தக் கதவு இனித் திறக்குமா என்பது ஒன்றே அவருக்குக் கவலை. வேறெதற்கும் அவர் சோறு வேண்டாமென்று சொல்லி நான் கண்டதில்லை.

ஜெபக்காரருக்குத் தெரிந்த வழி ஜெபம்தானே. வருகிற வெள்ளிக்கிழமை, கிறிஸ்தவர்கள் யூதர்களுக்குச் செய்த கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டு மனஸ்தாப ஜெபம் என்று அறிவித்தார். மிரியம் ஆன்ட்டியை நடுவில் உட்காரவைத்து, சுற்றி எல்லோரும் முழங்கால் போடுவதாகத் திட்டம். ஜோவானா ஒரே வார்த்தையில் உடைத்தாள். “இன்னொரு நாடகமா, அப்பா? அவங்க உக்காந்து நீங்க அழறத பாக்கணுமா?” அன்று அவள் வாயிலிருந்து முழுத் தமிழ் வந்தது. கோபம் வந்தால் தாய்மொழி வரும்போல.

ஆகவே அந்த அம்மாள் இல்லாமலே ஜெபம் நடந்தது. எடுத்த எடுப்பில் ஜாக்சன் மறித்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிற இளைஞன். வாய்த்துடுக்கு, நல்ல மனசு.

“அண்ணாச்சி, ஐரோப்பாக்காரன் செஞ்சதுக்கு சாத்தான்குளத்துக்காரன் எதுக்கு முழங்கால் போடணும்? நம்ம ஊர்ப்பக்கம் ஒரு யூதன் உண்டுமா?”

“கிடையாதுடே. ஒருத்தன்கூடக் கிடையாது. அதனாலதான் நாமளே மூக்கு செஞ்சு மாட்டிக்கிட்டோம்.”

சைலஸ் ஜாக்சன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த மூக்க நம்ம தாத்தா கண்டாரா, பாட்டி கண்டாளா? எங்க இருந்தோ வந்துது. வெள்ளக்காரன் வேதம் கொண்டுவந்த கப்பல்லதான் அதுவும் வந்திருக்கும். ரெண்டையும் சேத்துத்தான் வாங்கிவச்சோம். ஒண்ண மட்டும் நம்மது, மத்தது அவன்துன்னு சொல்ல முடியுமாடே?”

ஜாக்சன் பேன்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். சைலஸ் ஆரம்பித்தார். அன்று ஹைவே இல்லை, கிரீன் கார்டு இல்லை. “கர்த்தாவே, உம்முடைய சபை யூத ஜனங்களை ஊரைவிட்டுத் துரத்தியது. தனித்தெருவில் அடைத்தது. உம்முடைய பேரைச் சொல்லிக்கொண்டே அடித்தது. அவர்களைக் கொல்லக் கொண்டுபோனபோது பலர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மூக்கு செய்தேன்.” டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அல்போன்சா விம்மியது எனக்குக் கேட்டது. சேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க எனக்கும் ஒருமாதிரி இருந்தது, குனிந்துகொண்டேன்.

அடுத்து ஜாக்சன், பழக்கதோஷத்தில், “அந்த ஜனங்களும் உம்மை ஏற்றுக்கொண்டு மனந்திரும்பும்படி” என்று தொடங்கினான். சைலஸ் கண்ணைத் திறந்தார். இந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவது வழக்கமே இல்லை. டைமருக்கு மட்டும்தான் அந்த உரிமை.

“ஜாக்சா, வேண்டாம்டே. இன்னைக்கு மன்னிப்பு மட்டும் கேப்போம். கேக்க வந்த எடத்துல ஆள் பிடிக்காண்டாம்.”

மறுநாள் காலை கராஜில் ஒரே சத்தம். நான் ரோஜாச்செடிக்குத் தண்ணீர் விடும் சாக்கில் வெளியே வந்தேன். (அந்தச் செடி வேர் அழுகிச் செத்தது, எவ்வளவு நேரம் நின்றேன் என்பதற்கு அதுவே சாட்சி.) சைலஸ் மூக்குகளை ஒழித்துக்கொண்டிருந்தார். முழுசாகக் குப்பையில் போட மனமில்லையாம். “எவனாவது எடுத்து மாட்டிக்கிட்டான்னா?” கையால் பிய்த்தார், வரவில்லை. சுத்தியலால் அடித்தார், துள்ளி வந்து அவர் நெற்றியிலேயே பட்டது. டிரைவ்வேயில் வரிசையாக வைத்து மேலே காரை ஏற்றினார். கார்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து யோசித்தது, மூக்குகள் அசையவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை. கடைசியில் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்து மேசைமேல் வைத்து அறுக்க ஆரம்பித்தார். அதுவும் வழுக்கி வழுக்கி ஓடியது.

எதிர்வீட்டுத் திரை விலகியது. கதவு திறந்தது. தடி ஊன்றி, தெருவைத் தாண்டி, மிரியம் அம்மாள் கராஜ் வாசலில் வந்து நின்றார்.

“காரை எதன்மேல் ஏற்றினாய், சைலஸ்?”

“மூக்குமேல, ஆன்ட்டி.” பிறகு அவசரமாக, “நேத்து நாங்க எல்லாரும் மன்னிப்புக் கேட்டோம்.”

“யாரிடம்?”

“கடவுளிடம்.”

“முன்வரிசையில் கடவுளா உட்கார்ந்திருந்தார்? நானல்லவா உட்கார்ந்திருந்தேன்.”

சைலஸ் சிமென்ட் தரையில் முழங்காலை மடக்கப் போனார்.

“எழுந்திரு. உன்னைத் தூக்கிவிட என் இடுப்புக்கு வலு இல்லை.”

பாதி மடங்கிய மனிதர் அப்படியே நிமிர்ந்தார். “ஆன்ட்டி, தெரியாம செஞ்சேன்னு சொல்லத்தான் ரெண்டு வாரமா ஒத்திகை பாத்தேன். அதச் சொல்ல மாட்டேன். ஒங்க பக்கத்துலயேதான் இருந்தேன். ஒங்க மூஞ்சிய நான் ஒருதடவகூடப் பாக்கல.” சொன்னது இங்கிலீஷில்தான். ஆனால் அதில் தாமிரபரணித் தண்ணீர் அவ்வளவு கலந்திருந்தது.

அந்த அம்மாள் எபாக்சி டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்தார். அவருடைய தாய் போலந்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவராம். பெரிய வெள்ளியன்று வீட்டு ஜன்னல்களை உள்ளிருந்து அடைத்துவிடுவார்களாம். கோயிலில் ஆராதனை முடிந்ததும் பையன்கள் கல்லோடு வருவார்களாம். “என் அம்மா ஹூஸ்டனுக்கு வந்து கிழவியான பிறகும் அந்த ஒரு நாள் ஜன்னலைத் திறக்கமாட்டாள். நான் கேலி செய்வேன். இந்த வருடம் உன் நாடகத்திலிருந்து வீட்டுக்குப் போய் நானே ஜன்னலைச் சாத்தினேன்.”

சைலஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஐரோப்பா முழுவதற்குமாகச் சேர்த்து மன்னிக்க எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை, சைலஸ். செத்தவர்கள் கொடுக்கவில்லை. உன் மூக்குகளைப் பற்றி மட்டும் நான் யோசிக்கலாம்.” மேசைமேல் கிடந்ததைத் தடியால் தட்டினார். “இப்படி அறுத்தால் அடுத்த பெரிய வெள்ளி வந்துவிடும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.”

எழுந்து, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூக்கின் வளைந்த முனையை இரண்டு கையாலும் மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். பியானோ வாசித்த விரல்கள், மூட்டுகள் வீங்கியிருந்தன. சைலஸ் பிளேடை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு அந்த விரல்களுக்கும் பிளேடுக்கும் நடுவில் தன் இடது கையைக் கிடத்திக்கொண்டு, மெதுவாக அறுக்கத் தொடங்கினார்.