தங்கூசி போட்ட கிற்றார்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரு சிவப்புக் கிற்றார் தொங்குகிறது. மின்சாரத்தில் வாசிக்கிற வகை. சீனாவில் செய்து, கொழும்புக் கடையொன்றின் வழியாக எழுவைதீவுக்கு வந்து சேர்ந்த மலிவுச் சாமான். அதன் ஆணிகளெல்லாம் துருவேறிக் கறுத்துவிட்டன. வயர் செருகுகிற ஓட்டையைச் சுற்றிப் பச்சை பிடித்திருக்கிறது. உப்புக்காற்று இந்தத் தீவில் பூட்டையும் கதவுப் பிணைச்சலையும் சைக்கிளையும் தின்று தீர்க்கிறது. ஆனால் பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கிற்றாரின் ஆறு நரம்புகளும் போட்ட அன்று இருந்த மாதிரியே இருக்கின்றன. அவை கம்பியே அல்ல, தங்கூசி. எங்கள் ஆட்கள் தூண்டிலில் கட்டுகிற நைலோன் நூல். மாமா தன் கையால் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போன இடத்திலேயே அது இன்னும் தொங்குகிறது. காலையில் பல் தீட்டிவிட்டு உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். பார்க்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் தீவில் கிற்றார் என்றால் அது அக்காதான். அக்கா என் பெரியம்மாவின் மகள், என்னைவிட நான்கு வயது மூத்தவள், இரண்டு வளவு தள்ளி வீடு. காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றுவது அவளுடைய வேலை. நைலோன் வலையும் நண்டுக்காலும் அறுத்து அறுத்து அவளுடைய விரல்நுனிகள் செருப்புத்தோல் மாதிரிக் காய்த்திருந்தன. கைப்பேசியில் யாரோ வாசிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, கூலியில் மிச்சம்பிடித்து, கறுப்பு நிறத்தில் ஒரு கிற்றாரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தாள். ஐஸ்பெட்டிகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே அந்தப் பெட்டி வள்ளத்தில் வந்து இறங்கியபோது இறங்குதுறையில் நின்ற ஒருவர், "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்டார். "சத்தம் போடத்தான்" என்று சொல்லிவிட்டு அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. கைப்பேசியைப் பார்த்தே கற்றாள். புதிதாகக் கிற்றார் பழகுகிறவர்களுக்கு இரும்புக் கம்பி விரலைக் கிழித்துவிடும். அக்காவின் விரலுக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. வாசித்து முடிந்ததும் கம்பிகளைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, கிற்றாரைப் பழைய சீலையால் சுற்றி வைப்பாள். சோளகக் காற்று அடித்து வள்ளங்கள் போகாமல் கிடந்த ஒரு காலத்தில் தானாகவே ஒரு மெட்டுப் போட்டாள். மூன்று நிமிடம் வரும். நடுவில் ஓர் இடத்தில் எல்லாம் சட்டென்று நின்று, மூச்சு விடுகிற அளவு அமைதியாக இருந்து, பிறகு தொடங்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை விட்டுவிடுவேன். அப்படி ஒன்றை எங்கள் ஊரில் நண்டு கழற்றுகிற ஒருத்தி செய்தாள் என்பதை நம்புவதற்கே எனக்குச் சில நாள் பிடித்தது.

செய்தி பிரான்சிலிருந்த மாமாவுக்கும் போயிற்று. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. எங்கள் இருவருக்கும் தாய்மாமன். தொலைபேசியில் அவர் சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது. "எங்கடை குடும்பத்திலை கிற்றார் வாசிக்கிறதெண்டால் பெடியன் வாசிக்கட்டும். குமர்ப்பிள்ளை மேடையிலை ஏறி நிண்டால், நாளைக்குக் கலியாணம் பேசேக்கை ஆர் பதில் சொல்லுறது?" சொன்ன கையோடு அதே வகைக் கிற்றாரைச் சிவப்பு நிறத்தில், ஒரு சின்னச் சத்தப்பெட்டியோடு எனக்கு அனுப்புவித்தார். அடுத்த தேவாலயப் பெருநாளுக்குத் தான் ஊருக்கு வருவதாகவும், மேடையில் மருமகன் வாசிப்பதை வீடியோப் படம் பிடித்து அங்கே எல்லாருக்கும் காட்டப்போவதாகவும் சொன்னார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மறுக்கத் தெரியாத வயதல்ல. பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல்லானது.

அக்கா எனக்கும் சொல்லித்தந்தாள். ஆறு மாதம் பொறுமையாக உட்கார்ந்து சொல்லித்தந்தாள். எனக்கு வரவில்லை. விரல் கொப்பளித்தது, கொப்பளித்ததைச் சாக்காக வைத்துப் பத்து நாள் தொடாமல் விட்டேன், அதற்குள் கம்பிகள் துருப்பிடித்து இரண்டு அறுந்தன. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கடலில் நூல் போட்டவர். "கம்பி என்ன கம்பி? நான் தங்கூசி போட்டுத் தாறன். பாரை மீன் இழுத்தாலும் அறாது" என்றார். தடிப்பிலிருந்து மெல்லிசு வரை ஆறு நூல் தெரிந்து, தூண்டில் முடிச்சுப் போட்டு, முறுக்கி, அழகாகக் கட்டித் தந்தார். கையால் தட்டினால் லேசாக முனகியது. சத்தப்பெட்டியில் பொருத்தினால் ஒன்றுமே இல்லை. பெட்டி பழுதென்று அப்பா அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "சித்தப்பா, நரம்புக்குக் கீழை காந்தம் இருக்கு. இரும்பு ஆடினால்தான் பெட்டிக்குக் கேக்கும். தங்கூசி என்ன ஆட்டம் ஆடினாலும் அதுக்குத் தெரியாது" என்றாள். அப்பாவும் சிரித்தார். அவிழ்த்துவிட்டு, கொழும்பிலிருந்து கம்பி எடுப்பித்துப் போட்டோம்.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு மாமா வந்து இறங்கினார். வாசனைத் தைலத்தை அள்ளி ஊற்றியிருந்தார். அந்த மணமும் வெயிலில் காய்ந்த மீன் மணமும் சேர்ந்து வீடெல்லாம் நிறைந்தது. "எங்கை, வாசி பாப்பம்" என்றார். வாசித்தேன். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. அங்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம். மானம் போய்விடுமாம். அம்மா அழத் தொடங்கினாள். அக்கா வாசிக்கட்டும் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அக்கா மேடையிலை கட்டுற படங்குக்குப் பின்னாலை இருந்து வாசிக்கட்டும். நான் முன்னுக்கு நிக்கிறன். என்ரை கிற்றாருக்குத் தங்கூசி போட்டால் நான் என்ன தட்டினாலும் சத்தம் வராது." யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. மாமா என் முதுகில் தட்டி, "பாத்தியளே என்ரை மருமோன்ரை மூளையை" என்றார். அந்தத் தட்டு எனக்கு இனித்தது. இன்றைக்கும் நினைத்தால் வாய் கசக்கிறது.

அக்காவிடம் நானேதான் போய்க் கேட்டேன். அவள் நகத்துக்குள் இருந்த நண்டோட்டுத் துணுக்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பெரிய ஸ்பீக்கரிலை என்ரை மெட்டை ஒருக்காக் கேக்கவேணும் போலதான் கிடக்கு. சரி, வாசிக்கிறன். ஆனால் முடிஞ்சதும் மைக்கிலை என்ரை பேரைச் சொல்லவேணும். வாசிச்சது நான் எண்டு சொல்லவேண்டாம். மெட்டுப் போட்டது நான் எண்டு சொல்லு, அது காணும்" என்றாள். "ஓம் அக்கா, சத்தியமாச் சொல்லுவன்" என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மறுபடியும் தங்கூசி கட்டித்தரச் சொன்னேன். எதற்கென்று கேட்டார். சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஆறு நூலையும் கட்டி முடித்தார்.

வெளியிலிருந்து வந்தவர்கள் ஊர்காவற்றுறைக்குப் போகிற கடைசி வள்ளத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கலை நிகழ்ச்சி பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கியது. தேவாலய வளவில், பீப்பாய்களின் மேல் பலகை போட்ட மேடை. பின்னால் திரையாகக் கட்டிய நீலப் படங்கு. அதற்குப் பின்னால், ஜெனரேற்றருக்குப் பக்கத்தில், கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் அக்கா. அவளுடைய வயர் படங்குக்குக் கீழால் பெரிய ஸ்பீக்கருக்குப் போயிற்று. என்னுடைய வயர் சின்னப் பெட்டிக்கு. அதில் சிவப்பு வெளிச்சம் ஒழுங்காக எரிந்தது. மாமா முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. அந்த மெட்டு வளவெல்லாம் நிறைந்து கடற்கரை வரை போயிற்று. வள்ளத்தில் ஏறப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். நான் என்ன செய்தேன் என்பதை அந்தப் படத்தில் யாரும் பார்க்கலாம். கண்ணை மூடுகிறேன். கீழுதட்டைக் கடிக்கிறேன். பெரிய கலைஞன்போலத் தலையை உதறுகிறேன். நடுவில் எல்லாம் நின்று அமைதியாகிற அந்த இடத்தில் என் கை மட்டும் நிற்காமல் தங்கூசியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அத்தனை நாள் கேட்ட மெட்டு, எங்கே நிற்கும் என்றுகூட எனக்கு நினைவிருக்கவில்லை. சனம் அதையும் கவனிக்கவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாமா மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். அறிவிப்பாளர் மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்து, "தம்பி, உந்த மெட்டு ஆர் போட்டது?" என்று கேட்டார். சொல் என்று கேள்வியையே எடுத்துக் கையில் தந்த மாதிரி. அக்கா இரண்டு முழம் தள்ளிப் படங்குக்குப் பின்னால் இருக்கிறாள். நான், "நான்தான்" என்றேன். அது பெரிய ஸ்பீக்கரில் போயிற்று.

எல்லாரும் கலைந்த பிறகு அக்கா வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை, உடுப்பெல்லாம் டீசல் மணம். அவள் ஏசுவாள், அழுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து வயரை ஈரமில்லாமல் துடைத்துச் சுற்றி என் கையில் தந்துவிட்டு, கறுப்புக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொன்னார்: "தங்கூசியிலை மீன் ஏமாறும் எண்டு தெரியும். சனமும் ஏமாறும் எண்டு இண்டைக்குத்தான் கண்டனான்." கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அதன் பிறகு இறக்கும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. அக்காவின் வளவிலிருந்து பிறகு கிற்றார்ச் சத்தம் வரவில்லை. ஒருநாள் பெரியம்மா வீட்டுக் கட்டிலுக்குக் கீழே அதைக் கண்டேன். சீலை சுற்றவில்லை. கம்பிகள் துருப்பிடித்து மண்ணிறமாகிக் கிடந்தன. அடுத்த வருடம் அவள் கலியாணம் முடித்து ஊர்காவற்றுறைக்குப் போனாள்.

மாமா ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்தப் படத்தைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்புகிறார். பார்த்தவர்கள் என்னை வாழ்த்துகிறார்கள். நானும் கைகூப்புகிற படம் ஒன்றைப் பதிலாக அனுப்புகிறேன். இப்படி எச்சில் சோறு தின்று வருடங்கள் போய்விட்டன.

போன மாதம் அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் நல்ல மனிதர், கடலில் தொழில் செய்கிறவர், எதையும் மனதில் வைத்துப் பேசத் தெரியாதவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய கைப்பேசி அடித்தது. அக்காவின் மெட்டு. மாமா அனுப்பிய படத்திலிருந்து வெட்டி எடுத்து வைத்திருக்கிறாராம். "உம்மடை மெட்டுத்தான் தம்பி. எங்கடை வீட்டிலை நாள் முழுக்க உதுதான் அடிக்கும்" என்றார் பெருமையாக. அக்கா குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தன் புருசனிடம்கூட அவள் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சாப்பிட்டு முடித்த அத்தான் விடவில்லை. கிற்றாரை ஆணியிலிருந்து இறக்கி, தூசு தட்டி, சத்தப்பெட்டியைத் தேடியெடுத்து, வயரையும் பொருத்தினார். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. ஆசையாக ஒருமுறை தட்டிப் பார்த்தார். சத்தமில்லை. இன்னொருமுறை தட்டினார். "என்ன தம்பி, பழுதோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "இல்லையப்பா, பழுதில்லை. அவன் உதை அப்பிடித்தான் வாசிக்கிறவன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. சொல்லப்போகிறாயா இல்லையா என்று கேட்டது, அவ்வளவுதான். அவளுடைய மெட்டில் எல்லாம் நின்று போகிற அந்த இடத்தின் அளவு நேரம் எனக்கு இருந்தது. அத்தான் பகிடி என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்கா எழுந்து வயரைப் பிடுங்கி, தூசு துடைத்து, ஒழுங்காகச் சுற்றி என் கையில் தந்தாள். வள்ளத்துக்கு நேரமாகிறது என்று அத்தானைக் கூட்டிக்கொண்டு போனாள். கிற்றாரை நான்தான் திரும்ப ஆணியில் மாட்டினேன். இவ்வளவையும் எழுதிவிட்டேன். இதிலும் அவளுடைய பெயரை நான் சொல்லவில்லை.