சேனைக்கு வந்த சீம்பால்

“தள்ளுங்க சிஸ்டர்! மாமன் சேனை வைக்காம எங்க வூட்டுக் கொழந்த வாயில எதுவும் படக்கூடாதுங்க.”

மாரண்டஹள்ளியிலிருந்து வந்த மாதேஷ், பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றார். உள்ளே அவருடைய அக்கா ரேவதியின் குறைமாதப் பெண் குழந்தை. பிறந்ததும் தாய்மாமன் குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனை அவர்கள் வழக்கம். ஆனால் முதிராத குடல் அது! அந்தத் தண்ணீரோடு கிருமி போனால் உயிருக்கே ஆபத்து. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, தாய்ப்பால் கேட்டு ரேவதியிடம் ஓடினேன்.

“இன்னும் பால் வரலைங்க. மஞ்சளா ஏதோ கசிஞ்சுது, சீழுன்னு தொடச்சுப் போட்டுட்டேன்.”

“அய்யய்யோ, அதுதாம்மா சீம்பாலு!”

கையால் மெல்லப் பீய்ச்சினோம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு சிரிஞ்சில் மஞ்சளாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாதேஷிடம் போனேன்.

“தம்பி, வூட்டுல மாடு இருக்கா?”

“இருக்குதுங்க.”

“கன்னுக்குட்டி சீம்பால் குடிக்கலைன்னா?”

“கழிச்சல் கண்டுடும். தேறாதுங்க.”

“அப்ப அக்கா புள்ளைக்கு மட்டும் சர்க்கரத் தண்ணியா?”

அவர் சிரிஞ்சை உற்றுப் பார்த்தார். நான் விடவில்லை.

“இவளுக்குச் சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் சரியா வரல. இதுல அம்மாவோடது இருக்கு, குடலுக்குள்ள காவல் நிக்கும். நல்ல பாக்டீரியாவுக்கும் இதுல சாப்பாடு இருக்கு. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிறாப்புல அது மொதல்ல உக்காந்துட்டா, கெட்டதுக்கு சீட்டு கெடைக்காது.”

“சரிங்க. ஆனா என் மொற போச்சே!”

அவர் முகம் வாடியதைப் பார்த்ததும்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. டாக்டரிடம் கேட்டேன். “தாராளமா” என்றார். மாதேஷுக்குக் கை கழுவவைத்து, கவுன் மாட்டி, சிரிஞ்சைக் கையில் கொடுத்தேன். கன்னத்தின் உட்புறம் ஒரே ஒரு சொட்டு வைத்தார்.

“சிஸ்டர், பாப்பா சப்புக் கொட்டுதுங்க!”

அவர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. மனிதர் அழுதேவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. வயிறு உப்பாமல், காய்ச்சல் காணாமல், எடை ஏறி அந்தக் குட்டி வீடு போய்ச் சேர்ந்தாள்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: சேனை வைக்காதே என்று வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். நான் இப்போதெல்லாம் பிரசவம் ஆனதும் உறவுக்காரர்களிடம் முதலில் கேட்பதே இதுதான்:

“மாமன் யாருங்க? கையக் கழுவிட்டு வாங்க, சேனை ரெடி!”