மூணு சொன்னா மூடிக்குவார்

என் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெளிவாகத் தெரிவது அவள் புண்ணியம். மூக்கில் அழுத்துகிறதா, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டு ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், அவளோடு எடுத்துக்கொண்ட எந்தப் படத்திலும் கண்ணைத் திறந்ததில்லை.

கல்யாணப் படத்திலேயே ஆரம்பித்த கூத்து இது. அக்கா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் மாமா தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாருக்கோ மௌன அஞ்சலி செலுத்துகிறார். அப்புறம் மகள் பிறந்தபோது, அவள் பள்ளிக்கூடம் போனபோது, பட்டம் வாங்கியபோது, எல்லாவற்றிலும் அதே அஞ்சலிதான். உறவுக்காரர்கள் அவருக்குக் 'கண்மூடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மாமா வெல்டர். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற பட்டறை அவருடையது. கூட வேலை செய்கிறவர் கம்பியை இடம் பார்த்துப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பார். மூணு என்றதும் மாமா தலையை ஒரு வெட்டு வெட்டுவார். நெற்றிக்கு மேலே தூக்கி வைத்திருக்கும் முகமூடி சடக்கென்று கீழே விழும். அது விழுந்து முடிவதற்குள் பொறி கிளம்பிவிட்டால் தொலைந்தது, கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் விடிய விடிய உறுத்தும். அதனால் தலையை வெட்டும்போதே கண்ணையும் இறுக்கிக்கொள்வார். தொழிலுக்கு வந்த புதிதில் பழகியது, ரத்தத்தில் ஊறிவிட்டது. படம் எடுக்கிறவன் பாவம், அவனும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றுதானே சொல்கிறான்! எண்ணாமலும் எடுத்துப் பார்த்தோம். கேமராவைத் தூக்குகிற கையைப் பார்த்தாலே மாமாவின் தலை வெட்டிவிடும்.

அக்கா இதையெல்லாம் சிரித்தே சமாளித்துவந்தாள். "எம் மூஞ்சியப் பார்க்கப் பயம், அதான் மூடிக்கிறாரு" என்று அவளே முந்திக்கொண்டு கிண்டல் செய்வாள். புது வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு. வாசல் கேட்டிலிருந்து மொட்டைமாடிக் கதவு வரை மாமா பற்றவைத்தது. ஹாலில் சோபாவுக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர்கூட மாட்டவிடாமல் அக்கா காலியாக வைத்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிற நாளில், இருவரும் சேர்ந்து நிற்கிற பெரிய படம் ஒன்று அங்கே ஏற வேண்டும். பாத்திரம் துடைத்துக்கொண்டே ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு படம்டா. அவரு கண்ணத் திறந்துக்கிட்டு எம் பக்கத்துல நிக்கணும். வீட்டுக்கு வர்றவங்க பார்த்தா, இந்த மனுஷன் இஷ்டப்பட்டுத்தான் இவகூட இருக்காருன்னு தெரியணும். எனக்கும் தெரியணும்ல?"

கடைசி வார்த்தைக்குக் குரல் இறங்கிவிட்டது. மாமா தங்கமான மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்து ஆசையாக நாலு வார்த்தை பேசுகிற ரகம் இல்லை. சாப்பாடு பிரமாதமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார், அதுதான் அவர் பாராட்டு. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்தட்டினேன்.

வேலைக்காக வெளியூரில் இருக்கும் மகள் இருவருக்கும் சேர்த்து ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். இந்த மாதிரிச் சாமான்களில் எங்கள் குடும்பத்தில் நான்தான் மேதாவி. அந்தப் பட்டத்தைக் கொடுத்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரையும் வாசல் கேட் முன்னால் நிறுத்தி எடுத்துத் தள்ளினேன். படத்துக்குப் படம் அஞ்சலி. வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு படத்தைப் பிரித்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அது அன்றைக்கு என் மரமண்டையில் ஏறவில்லை.

சோபாவில் உட்கார்ந்து படத்தைத் திருத்துகிற பக்கத்துக்குப் போனேன். மந்திரக்கோல் போட்ட ஒரு பொத்தானைத் தொட்டதும் வெளுத்த வானம் நீலமாயிற்று. மாமாவின் கழுத்திலும் கன்னத்திலும் இருந்த தீப்பொறித் தழும்புகள் மாயமாகி, மனுஷன் பவுடர் பூசிய புதுமாப்பிள்ளை ஆனார். இன்னொரு பொத்தான் கேட்டோரம் நின்ற குப்பைத்தொட்டியை விழுங்கியது. அப்புறம் அதுவே கேட்டது, மூடிய கண்களைத் திறக்கவா என்று! கரும்பு தின்னக் கூலியா? தொட்டேன். மாமா கண்ணைத் திறந்தார்.

"அக்கா! சீக்கிரம் வா!"

ஈரக் கையோடு ஓடிவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முகம் மலரும் என்று காத்திருந்தேன். சுளித்தது.

"இது யாரு கண்ணுடா?"

"மாமா கண்ணுதான்."

"எங்கிட்டயேவா? உங்க மாமாவுக்கு இடது கண்ணு ஒரு பொடி சின்னது. வெயில்ல பார்த்தா தேன் கலரா இருக்கும். இது கன்னுக்குட்டி கண்ணு மாதிரி கருகருன்னு உருண்டையா இருக்கு. எனக்குக் கண்ணு வேணும்தான். அதுக்காக வேற எவன் கண்ணயோ ஒட்டிவிட்டு, இந்தா இவரோட குடும்பம் நடத்துன்னா எப்படிடா?"

அவள் சொன்னது நிஜம். மாமா கண் திறந்த படம் ஒன்றுகூட அந்த டேப்லெட்டில் இல்லை. அது என்ன செய்யும் பாவம், தன் இஷ்டத்துக்கு இரண்டு கண்ணை வரைந்து ஒட்டிவிட்டது.

மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பையன் நல்லாத்தான் இருக்கான். யாரு மாப்ளே இது?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "விடுங்க. நமக்குக் கொடுத்துவைக்கல" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, "குடு, நான் பார்க்கிறேன்" என்று டேப்லெட்டை வாங்கிக்கொண்டார். அதில் அவர் என்ன பார்ப்பார் என்று எனக்குப் புரியவில்லை.

அவருடைய விரல் நுனிகள் சூட்டில் காய்த்துத் தோல் தடித்தவை. அவர் தொடுவதை டேப்லெட் சட்டை செய்யாது. அதனால் காலிங்பெல்லை அழுத்துவதுபோல் படத்தின் மேல் விரலை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். "உடைஞ்சிரப்போகுது மாமா" என்றேன்.

படம் அசைந்தது.

"மாப்ளே! நான் ஆடுறேன்யா!"

நிஜமாகவே ஆடினார். கேட் முன்னால் நின்ற மாமா கழுத்தைத் திருப்பினார். அக்காவின் முடி காற்றில் பறந்தது. உள்ளேயிருந்து என் குரலே "ரெண்டு, மூணு" என்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொத்தானை அமுக்குவதற்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கொஞ்சம் சத்தத்தோடு சேர்த்து, யாரிடமும் சொல்லாமல் இது பத்திரப்படுத்தி வைக்கிறது. அமுக்கிப் பிடித்தால் அது ஓடுகிறது. தொட்டுத் தொட்டுத் தள்ளிக்கொண்டிருந்த மேதாவிக்கு இது தெரியாமலே போயிற்று.

"மறுபடி அமுக்குங்க மாமா. விரல எடுக்காம அப்படியே அமுக்குங்க."

மூணுக்கு முன்னால், தலை வெட்டுவதற்கு முன்னால், மாமாவின் கண் திறந்திருந்தது. இடது கண் ஒரு பொடி சின்னதாக, வெயிலில் தேன் நிறமாக. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேட்டைச் செய்து முடித்ததும் எட்ட நின்று பார்ப்பாரே, அந்தத் திருப்தி முகத்தில் அப்படியே இருந்தது.

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். ஒவ்வொரு படமாக மாமா அமுக்க அமுக்க நாங்கள் பார்த்தோம். மகள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் எடுத்தது, பூங்கா பெஞ்சில் எடுத்தது, இந்த வீட்டுக்குச் சாமான் இறக்கிய அன்று எடுத்தது. எல்லாவற்றிலும் ரெண்டு வரைக்கும் அக்காவைப் பார்க்கிறார், மூணு என்றதும் அஞ்சலி.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, கேமராவப் பார்க்கச் சொன்னா எங்கங்க பார்க்குறீங்க?"

மாமாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "நீ ரெடியான்னு பார்த்தேன்."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாப் படத்துலயும்தான் நீ இருக்கியே."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் சோபா உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுபடி திருத்துகிற பக்கத்துக்குப் போய், ஒட்டிய கண்ணையும் பூசிய பவுடரையும் நீக்கினேன். அடியில் அந்த நொடிகளெல்லாம் பொடிப்பொடிப் படங்களாக வரிசையில் நின்றன. விரலால் நகர்த்தி வேண்டியதை நிறுத்தினால் அதுவே படமாகிவிடுகிறது. கேட் முன்னால் எடுத்ததில்தான் மாமாவின் முகம் தெளிவாக இருந்தது. நிறுத்தினேன். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா அவரிடம் "மூடித் தொலைக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். வாய் கோணி, மூக்கு விடைத்து, கண்ணிரண்டும் மூடியிருந்தன. டேப்லெட் உடனே ஆவலாகக் கேட்டது, மூடிய கண்களைத் திறக்கவா என்று. என் விரல் அதை நோக்கிப் போனது.

பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"கைய எடுடா! நான் லட்சணமா இருக்கிற படம் அலமாரி நிறையக் கெடக்கு. இது இப்படியே இருக்கட்டும். ஒரு மயிரிழையத் தொட்டா கொன்னுருவேன்."

அப்படியேதான் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னம்மா, இவ்வளவு பெரிய படத்துல நீ கண்ண மூடி, வாயக் கோணிக்கிட்டு நிக்கிறியே, வேற கிடைக்கலயா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அக்கா அவர்களைத் தோளைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறாள்.

"என்னைய விடுங்க. அவரப் பாருங்க."