சங்கிலிக்காரர் சம்பீக்கோஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது

ரோட்ஸ் தீவின் துறைமுக வாயிலில், மாலையானால் கப்பல் நுழையாதபடி இரும்புச் சங்கிலி ஏறும். துருக்கியர் எங்கள் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பி ஐந்நூறு ஆண்டு ஆகிறது. இப்போது வருவதெல்லாம் சுற்றுலாக் கப்பல்தான். ஆனால் அன்று போரிட்டு இன்றும் தீவை ஆளும் வீரத் துறவிகளின் ஆட்சியில் எந்த விதியும் சாவதில்லை.

அந்தச் சங்கிலியை ஏற்றி இறக்கியவர் சம்பீக்கோஸ். அந்த வேலைக்கு வருபவன் மணம் செய்வதில்லை என்று சத்தியம் செய்து, கோபுரத்திலேயே தங்க வேண்டும். இளம் வயதில் செய்துவிட்டார். அம்மா போன பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மீனவர்களுக்கும் ரொட்டிக்கடைக்காரிக்கும் அவர் வெறும் ‘சங்கிலி’.

நுரையீரலில் நீர் கோத்து, துறவிகள் நடத்தும் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். நான் அந்தக் கூடத்துத் தாதி. எங்களிடம் படுக்கையில் கிடக்கும் எவரும் ‘பிரபு’தான். பெயரைச் சொன்னால் குடும்பம் தெரியும், ஏழை பணக்காரன் தெரியும் என்று துறவிகள் அன்றே தடுத்துவிட்டார்கள். கஞ்சிகூட வெள்ளித் தட்டில்தான்.

“பிரபு, திரும்பிப் படுங்க. முதுகத் தொடைக்கணும்.”

“பிரபுவாம் பிரபு! முதுகெல்லாம் புண்ணு. எனக்குன்னு ஒரு பேர் இருக்கும்மா. ஒரு தடவ சொல்லிக் கூப்பிடேன்.”

“விதி இல்ல பிரபு. என் வேல போயிடும்.”

“அப்ப எப்பத்தான் கூப்பிடுவீங்க?”

“செத்தப்புறம். துறவிச் சாமி ஒருத்தர் வந்து மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. பதில் வரலன்னாதான் துணி போட்டு மூடுவோம்.”

“நல்ல ஊரும்மா இது!” சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. பார்வை நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு மதியம் சூப் கொண்டுபோனேன். வாய் பிளந்து, அசையாமல் கிடந்தார். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடியது. நிறையப் பிணம் கழுவியவள் நான். பிணம் மூச்சை அடக்காது. தட்டை வைத்துவிட்டு பெரங்கார் சாமிக்குச் சொல்லி அனுப்பினேன். பிரான்சிலிருந்து புதிதாக வந்த இளம் துறவி. அவருக்கு இதுதான் முதல் சாவு. மெழுகுவர்த்தியை ஏந்தி வந்தார்.

“சம்பீக்கோஸ்!”

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

“சம்பீக்கோஸ்!”

மூன்றாம் முறை அவர் குரல் உடைந்தது. சொந்த அப்பனைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

“இங்கதான் இருக்கேன் சாமி. என்ன விஷயம்?”

மெழுகுவர்த்தி கீழே விழுந்தது.

“அடப்பாவி சங்கிலி! சாவுலயும் ஏமாத்துறியா!” என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கத்தினார்.

சாமி என்னிடம் சீறினார். “நாடி பாக்கலையாம்மா நீங்க?”

“வயசான கை சாமி. தெரியல.”

சம்பீக்கோஸ் அன்று சூப்பை முழுக்கக் குடித்தார். அதன்பின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நிஜமாகவே போய்விட்டார். கை கால் சில்லிட்டிருந்தது. சாமி வந்து மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை. நான் துணியை எடுத்தேன். சாமி கை காட்டித் தடுத்தார். குனிந்து, காதோரமாக, மெல்ல இன்னொரு முறை கூப்பிட்டார்.

நான்காம் முறைக்கு விதி இல்லை. துணியைப் பிடித்தபடி நானும் அவரோடு காத்திருந்தேன்.