படத்தின் பின்பக்கம்

"பிலிம் 63, படம் 11. புதன்கிழமை, காலை 9.40. புளியங்கூடல், திலகக்கா வீட்டு முன்விறாந்தை. வெளிச்சம் இடப்பக்கத்து வேம்பினூடாக. காற்று இல்லை. அக்காவின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது ஆனியில். அதன் பின் எடுக்கும் முதற்படம் இது."

இது என்னுடைய கையெழுத்து. நான் எடுத்த படம் ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியது. இன்று காலை சுவிஸிலிருந்து என் போனுக்கு வந்து சேர்ந்தது. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, மேசையில் கவிழ்த்து, அதன் முதுகைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான் குகன். திலகக்காவின் ஒரே மகன். அந்தக் கடைசி வரிகளை யார் வாசித்தாலும் அவன் வாசிக்கக் கூடாது என்று ஊரே காத்து நின்றது. எழுதி அனுப்பியவன் நான்.

கொஞ்சம் பின்னால் போய்த்தான் இதைச் சொல்லவேண்டும்.

எனக்குப் பிலிம் கமராவில் படம் எடுக்கிற பைத்தியம் உண்டு. ஒரு றோலில் முப்பத்தாறு படம். றோலைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். எடுத்து முடித்ததும் கழுவுவதற்குக் கொழும்பு பஸ்ஸிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். போய்வர ஒரு மாதம். குறிகாட்டுவான் படகுத்துறையில் ஒரு படகோட்டியைப் படம் எடுத்தபோது, தன் முகத்தைப் பார்க்கக் கமராவின் பின்னால் ஓடிவந்தார். அங்கே கறுப்புத் தோலைத் தவிர ஒன்றுமில்லை.

"எப்ப அண்ணை பாக்கலாம்?"

"ஒரு மாதம் செல்லும்."

"அதுக்குள்ள எனக்கு நரைச்சிடும். நீங்கள் இப்பவே தலையை வெள்ளையா அடிச்சு விடுங்கோ."

படம் வந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நரைக்கவில்லை. ஆனால் மீசையை எடுத்திருந்தார், படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வளர்க்கத் தொடங்கினார். நான் படம் எடுத்த எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுப்பது என் வழக்கம். பின்பக்கத்தில் நாள், நேரம், இடம், இன்னும் எனக்கு முக்கியமாகப் படுகிற எதையும் எழுதிக் கொடுப்பேன். போன் படத்தில் எல்லாம் உண்டு, ஒரு பின்பக்கம்தான் இல்லை.

போனைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நயினாதீவுக்குப் போகிற படகில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், என்னைச் சுற்றி ஏழு பேர் வீடியோ கோலில் இருந்தார்கள். ஒரு அம்மா ரொறன்ரோவில் இருக்கிற பேரப்பிள்ளைக்குக் கோயில் கோபுரத்தைக் காட்டுவதாக நினைத்து அரை மணித்தியாலமாகத் தன் கைப்பையைக் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டேயிருந்தது. கடல் தாண்டி ஒரு சிரிப்பு அப்படி வந்து சேர்வது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கற்பனைக்கும் எட்டாதது.

அந்தக் காலம் என்றதும் எனக்கு மண்ணெண்ணெய் மணக்கும். ஊர்காவற்றுறையில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை. நான் கணக்கெழுதும் எழுதுவினைஞன், திலகக்கா சாமான் பொறுப்பு. என்னைவிட மூன்று வயது மூப்பு, முப்பது வயது மூத்தவர் மாதிரி வாய். மீன்ரின்னோ பால்மாப் பெட்டியோ, எதுவானாலும் அவர் கையில் கவிழ்ந்து, அடியிலுள்ள திகதியைக் காட்டிய பிறகுதான் தட்டில் ஏறும். "திகதியில்லாத சாமானும் ஒரு சாமானோ?" என்பார். அவருடைய கலியாணத்துக்கு நான் கொடுத்த மணிக்கூட்டை வாங்கியதும் மேடையிலேயே கவிழ்த்துப் பார்த்தார். மாப்பிள்ளையைத்தான் கவிழ்த்துப் பார்க்க ஏலாமல் போய்விட்டது என்று அந்த மனிதர் உயிரோடிருந்த காலம் முழுக்க அவரை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பார். நான் முதன்முதலில் வாங்கிய பிலிம் றோலின் கறுப்பு டப்பியை அவர்தான் கேட்டு எடுத்தார். இன்றைக்கும் அதில்தான் திருநீறு வைத்திருக்கிறார். அதன் மூடியைத் திறந்தால், திருநீற்று வாசத்துக்கு அடியில் இன்னும் கொஞ்சம் பிலிம் மணக்கும். எனக்கு மட்டும் மணக்கிறதோ தெரியாது.

சீனி வருத்தம் முற்றி, புண் ஆறாமல் அவருடைய கால் போனபோது குகன் சுவிஸ் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அங்கே அவனுடைய விசா வழக்கு முடியவில்லை. முடிவு வருமுன் வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது, பட்ட பாடெல்லாம் வீண். அம்மாவுக்குக் கால் இல்லை என்று தெரிந்தால் அவன் வெளிக்கிடாமல் இருப்பானா? அதனால் அவனுக்குச் சொல்லவேண்டாம் என்று பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அக்கா சொல்லிவிட்டார். ஊர் முழுக்கத் தெரியும். இங்கே தும்மினால் லண்டனில் சுகம் கேட்பார்கள். அப்படிப்பட்ட சனம் இந்த ஒரு செய்தியை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு ஊர்மேல் உள்ள நூறு கோபமும் ஆறிவிடும்.

ஞாயிறு தோறும் குகன் கோல் எடுப்பான். அக்கா போனை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நெற்றி, திருநீற்றுக் குறி, அதற்கு மேலே வீட்டு முகடு. அவ்வளவுதான்.

"அம்மா, நான் கதைக்கிறது உங்களோடையோ, உங்கட நெத்தியோடையோ?"

"எனக்கு உந்தப் போன் பிடிக்கத் தெரியாது மோனை."

நானும் பக்கத்திலிருந்து சிரித்திருக்கிறேன். வயது போனவர்கள் எல்லோரும் அப்படித்தானே பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது விளங்கச் சில மாதம் சென்றது.

கடைசியில் அவன் ஒரு படம் கேட்டான், சுவரில் மாட்ட. அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சக்கர நாற்காலியைக் குசினிக்குள் தள்ளிவிட்டு, விறாந்தையில் சாதாரணக் கதிரையில் இருந்தார். மாம்பழ நிறச் சேலை.

"இடுப்புக்கு மேல. விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

"எத்தினை எடுப்பீர்?"

"ஒண்டு."

"ஒண்டோ? போனிலை எண்டால் இருவது எடுப்பாங்கள்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப பொறும். நான் ஒருக்கா வடிவா இருக்கிறன்."

நிமிர்ந்து, தோளை நேராக்கி, இரண்டு காலும் உள்ள ஒருத்தி இருப்பது போல இருந்தார். நான் அழுத்தினேன்.

ஒரு மாதத்தில் படம் வந்தது. வழக்கம்போலப் பின்பக்கத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா முன்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "தேத்தண்ணி அடுப்பில கிடக்கு, போய் வாத்துக்கொண்டு வாரும்" என்றார். நான் இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது படம் உறைக்குள் போய், உறையும் ஒட்டப்பட்டிருந்தது. வேலணையிலிருந்து சுவிஸுக்குத் திரும்புகிற ஒரு பெண்ணிடம் அன்றைக்கே அதைக் கொடுத்துவிட்டோம்.

பின்பக்கத்தில் எழுதுவதை வீட்டுக் கொப்பியிலும் பதிவேன். நாலு நாள் கழித்துத்தான் அதற்கு நேரம் கிடைத்தது. எழுதிக்கொண்டே வந்து காலைப் பற்றிய வரியில் கை நின்றது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலணைக்குப் பறந்தேன். அந்தப் பெண் முதல்நாளே விமானம் ஏறியிருந்தார். அங்கிருந்து நேரே புளியங்கூடல்.

"அக்கா, ஒரு பிழை விட்டிட்டன். படத்துக்குப் பின்னால உங்கட காலைப் பற்றி எழுதிப்போட்டன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லாத காலுக்கும் திகதி போட்டனீரோ?"

"பழக்கதோசம் அக்கா. நீங்கள் பழக்கினது."

"அதையாவது சரியாப் போட்டிருக்கலாம். ஆனியில்லை, வைகாசிக் கடைசி." பிறகு குரல் இறங்கியது. "அவன் இனிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிப்பான். எல்லாம் முடிஞ்சுது."

நான் அன்று வீட்டுக்கு வந்து செய்த ஒரே வேலை, கொப்பியில் இப்படி எழுதியது: "திருத்தம்: ஆனி அல்ல, வைகாசிக் கடைசி." வேறு என்ன செய்ய?

அடுத்த ஞாயிறு கோல் வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். "அம்மா, படம் கிடைச்சுது. சட்டம் போட்டு மாட்டியிட்டன். நல்ல வடிவா இருக்கிறியள்." வேறு ஒரு சொல் இல்லை. அக்கா நெற்றியை விலக்காமல் கதைத்து முடித்தார். போனை வைத்துவிட்டு, "சட்டத்துக்குள்ள போனால் முதுகை ஆர் பாக்கிறது" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தப்பிவிட்டோம் என்று நம்பினேன். எட்டு மாதம் நம்பினேன்.

இன்று காலை அந்தப் படத்துக்குக் கீழே குகன் எழுதியிருந்தான்:

"மாமா, வழக்கு வெண்டிட்டன். விசாக் கார்ட் கைக்கு வந்திட்டுது. வாற மாதம் வாறன், அம்மாவிட்டைச் சொல்லுங்கோ. உங்கட பின்பக்கத்தைப் படம் வந்த அண்டைக்கே வாசிச்சனான். வாசிச்சது தெரிஞ்சால் நான் வெளிக்கிட்டிடுவன் எண்டு அம்மா பயந்து சாவா. அதுதான் பேசாமல் சட்டம் போட்டனான். நன்றி மாமா."

எனக்கு நன்றி சொல்கிறான். எட்டு மாதமாக ஞாயிறு தோறும் அந்த நெற்றியைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவன் போலப் பகிடிவிட்டுக்கொண்டிருந்த பிள்ளை. கொஞ்ச நேரம் வளவில் நடந்துவிட்டுத்தான் புளியங்கூடலுக்குப் போனேன்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். என் போனை வாங்கி, போன் பிடிக்கத் தெரியாத அந்த மனிசி, இரண்டு விரலால் என் எழுத்தைப் பெருப்பித்தார். "பாரும், ஆனி எண்டுதான் கிடக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. அன்று நான் காலைப் பற்றி எழுதியதாகத்தான் சொன்னேன். மாதத்தைச் சொன்னேனா?

"அக்கா, உறைக்குள்ள வைக்கேக்க படத்தைத் திருப்பிப் பாத்தனீங்களோ?"

"தேத்தண்ணி ஆறுது. குடியும்."

பிறகு அவரே குகனுக்குக் கோல் எடுத்தார். போனை மேசையில் திருநீற்று டப்பியோடு சாய்த்து வைத்தார். சக்கரத்தை இரண்டு கையாலும் பின்னுக்கு உருட்டி, உருட்டி, சுவரில் முட்டுமட்டும் போனார்.

"முழுக்கத் தெரியுதோ மோனை?"

"தெரியுது அம்மா."

நெற்றியும் முகடும் மட்டும் தெரிகிற அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு முடிந்தன. இத்தனை றோல் எடுத்தவன், அக்கா போனை நெற்றிக்கு நேரே பிடித்திருக்கிற கோலத்தை ஒரு முறைகூட எடுக்கவில்லை. இனி எடுக்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். திருத்தம் இருக்கிறது. அந்த மாதத்தை அவரிடம் நான் வாயால் சொன்னேனா என்பதற்கு எங்கும் குறிப்பில்லை. எனவே, நான் தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் திலகக்கா படத்தைக் கவிழ்த்து வாசித்தாரா, வாசித்துவிட்டுத்தான் உறையை ஒட்டினாரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.