பூட்டியிருந்த வீட்டின் பதில்கள்

குடும்பங்கள் வீட்டுக்குள் எவ்வளவு பேசிக்கொள்கின்றன என்று ஓர் ஆய்வு. தாராவியில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்புவது என் வேலை. கடைசி வீடு மூன்று முறை போயும் பூட்டிக் கிடந்தது. இன்னொரு நடைக்குக் காலில் தெம்பில்லை. கல்யாண் லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் நானே நிரப்பினேன். பொய்யை யோசிக்கவும் அலுப்பாக இருந்ததால், என் வீட்டையே எழுதிவிட்டேன். சேர்ந்து சாப்பிடுவது: இல்லை. கணவரிடம் நேற்றுப் பேசியது: "கேஸ் தீர்ந்துபோச்சு." உடம்பு முடியாவிட்டால் யாரிடம் சொல்வீர்கள்: யாரிடமும் இல்லை.

மறுவாரம் மாட்டுங்கா அலுவலகத்தில், ஆய்வை நடத்தும் பேராசிரியை அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தார்.

"இவ்வளவு ஃபாரம் படிச்சேன், இது ஒண்ணுதான் மனசை என்னமோ பண்றது. பாவம், இவளுக்கு யாருமே இல்லை போலிருக்கே. நீ ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"சரி மேடம்" என்றேன். அது பொய்த்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அவர் போகச் சொன்ன வீட்டுக்குத்தான் அன்று மாலை போனேன். என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் வீட்டிலெல்லாம் கேட்டவள், என் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன? செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒரு வாரமா எனக்கு முதுகு வலிங்க" என்றேன்.

அவர் டிவியை அணைத்தார்.